மேடையில் ஏழு, கீழே ஒன்று

தென்பாண்டிக் கடற்கரைப் பௌதிகவியலாளர் பேரவையில் ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், ஒரு செயலாளர், ஒரு இணைச் செயலாளர், ஒரு பொருளாளர், ஒரு பதிப்பாசிரியர் ஆகியோர் இருந்தார்கள். உறுப்பினர் இல்லை.

முன்பு ஒருவர் இருந்தார். திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்து ராத்திரி பஸ்ஸில் போய்விட்டார். வழியனுப்பு விழாவுக்கு மாலை வாங்கி வைத்திருந்தது அப்படியே வாடிப்போயிற்று. அதன் பிறகு ஒன்றரை வருஷம் பேரவை பட்ட பாடு கொஞ்சமல்ல. பௌதிகத்துக்கும் பௌதிகவியலாளருக்கும் சேவை செய்வதற்கென்றே தோன்றிய அமைப்பு. செய்ய ஏழு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பெற்றுக்கொள்ள ஓர் ஆள் இல்லை. தூத்துக்குடியில் அப்போதுதான் புதுத் துறைமுகத்தைத் திறந்திருந்தார்கள். கப்பல் கப்பலாகச் சரக்கு வந்து இறங்கியது. பௌதிகவியலாளர் ஒருவர்கூட இறங்கவில்லை.

ஏழு பேரில் ஒருவர் உறுப்பினராகிவிட்டால் என்ன என்று வெளியாட்கள் கேட்பார்கள். மேலே போனது கீழே இறங்குவது பௌதிக விதிப்படி சாத்தியம்தான். பேரவையின் அனுபவத்தில் அப்படி நடந்ததில்லை.

இந்த நிலையில்தான் தாணுலிங்கம் மாடிப்படி ஏறி வந்தான்.

தாணுலிங்கம் உடன்குடிப் பக்கத்துப் பிள்ளை. கல்லூரி ஒன்றில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் கூட்டாளி ஒருவனின் உப்பளத்துக்குப் போனவன், உப்புநீர் தேக்கி வைத்திருந்த குட்டையில் சும்மா கையை விட்டான். நாலு நாளைக்கு முன்னால் மழை பெய்து, பிறகு நல்ல வெயில். மேல்தண்ணீர் சாதாரணமாக இருந்தது. முழங்கை வரைக்கும் விட்டபோது கை சுட்டது. வெடுக்கென்று எடுத்துவிட்டுத் திரும்ப விட்டான். திரும்பவும் சுட்டது. சுடுதண்ணீர் மேலேதானே வரவேண்டும்? அவன் படித்த புத்தகத்திலெல்லாம் அப்படித்தான் இருந்தது. இது கீழேயே கிடக்கிறது. அவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்று விசாரித்ததில், கடற்கரைச் சாலையில் கயிற்றுக் கடைக்கு மேல்மாடியில் ஒரு பேரவை இருப்பதாகச் சொன்னார்கள்.

ஒரு சந்தேகம் இருப்பதாகச் சொன்னான். சந்தேகத்தைப் பொதுக்குழுவில்தான் எழுப்ப வேண்டும் என்றார் செயலாளர் சங்கரலிங்கம். பொதுக்குழுவில் எழுப்ப வேண்டுமென்றால் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். சொல்லும்போதே உறுப்பினர் படிவத்தை எடுத்து மேசைமேல் விரித்துவிட்டார். தாணுலிங்கம் சரியென்று தலையாட்டினான். இணைச் செயலாளர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

அந்த ஐப்பசியிலேயே பொதுக்குழு கூடியது. மேடையில் ஏழு நாற்காலி, கீழே ஒன்று. கீழே இருந்தவனுக்கும் மேடைக்கும் நடுவில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் தூரம்தான்; இருந்தாலும் மைக்செட் வைத்திருந்தார்கள். தலைவர் கிருபாநிதி ஓய்வுபெற்ற பேராசிரியர். வெண்கலக் குரல். “கடல் அலையெனத் திரண்டு வந்திருக்கும் பௌதிகப் பெருமக்களே” என்று தொடங்கினார். தாணுலிங்கம் பின்னால் திரும்பிப் பார்த்தான். சுவர் இருந்தது.

நடுவில் தேர்தல் என்று ஏதோ அறிவித்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினான். மறுபடி தூக்கச் சொன்னார்கள், மறுபடி தூக்கினான். ஏழு தடவை தூக்கிய பிறகு எல்லோரும் கைதட்டிக்கொண்டார்கள். அவன் தன் சந்தேகத்தை எப்போது கேட்பது என்று காத்திருந்தான். நிகழ்ச்சி நிரலில் ‘சந்தேகங்கள்’ என்பது தேசிய கீதத்துக்கு அடுத்ததாக இருந்தது. தேசிய கீதம் முடியும்வரை அவன் கண்ணை மூடி அசையாமல் நின்றுவிட்டுத் திறந்தபோது மேடை காலியாக இருந்தது. மைக்செட்காரன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாளிலிருந்து சேவை தொடங்கியது.

முதலில் பதிப்பாசிரியர் வந்தார். ‘மாவட்டப் பௌதிகவியலாளர்களின் இன்றைய நிலை’ என்று ஓர் ஆய்வு. உயரம், எடை, காலையில் எத்தனை இட்லி, செருப்பு எந்தப் பக்கம் தேய்கிறது என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அறிக்கை வெளிவந்தது. மாவட்டப் பௌதிகவியலாளரின் சராசரி இட்லி நான்கு. சராசரியாக வலது செருப்பு தேய்கிறது. நூற்றுக்கு நூறு பேர் மணமாகாதவர்கள். வெளியீட்டு விழாவில் தலைவர் தழுதழுத்தார். உலகத்தில் எந்த ஆய்வை எடுத்தாலும் பிழை வீதம் என்று ஒன்று இருக்குமாம். நம் பேரவையின் ஆய்வில் மட்டும்தான் அது சுத்தமாக இல்லையாம். தாணுலிங்கம் கைதட்டினான். அவன் நிறுத்தினால் அரங்கமே அமைதியாகிவிடுகிறது என்பதைக் கவனித்திருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினான்.

பிறகு மருத்துவ உதவிக்குழு. அதை முதல் துணைத் தலைவர் பார்த்துக்கொண்டார். ஆண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன் ஒரு சின்னக் காய்ச்சலாவது வந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் தாணுலிங்கத்திடம் வந்து பணிவோடு கேட்டுக்கொண்டார். மகப்பேறு உதவியும் திட்டத்தில் இருப்பதாகவும், அதில் அவசரம் ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சிறந்த உறுப்பினர் விருதுக்குத் தேர்வுக்குழு மூன்று முறை கூடியது. வாக்குவாதம் பலமாக இருந்தது என்றும், ஒரு முறை மக்ரூன் தட்டு கீழே விழுந்தது என்றும் கயிற்றுக் கடைக்காரர் சொன்னார். கடைசியில் தாணுலிங்கத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசுக்கு இந்த ஆண்டு தகுதியானவர் யாரும் இல்லை என்று செயலாளர் வருத்தத்தோடு அறிவித்தார்.

இதற்கெல்லாம் தாணுலிங்கம் வருத்தப்படவில்லை. பெரியவர்கள் இவ்வளவு பேர் நம்மைக் கவனிக்கிறார்களே என்றுகூட நினைத்தான். வைகாசியில் அவன் பெண் பார்க்கப் போகாமல் இருந்திருந்தால் அப்படியே நினைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பான்.

பெண்ணின் தகப்பனார் பொன்னுதுரை. கருப்பட்டி, வத்தல் மொத்த வியாபாரம். கடைவீதியில் அவரைத் தெரியாதவர் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விடுவதுமில்லை. வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர், கோயில் கொடைக் கமிட்டிக்குத் தலைவர், தர்மப் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர், இன்னும் மூன்று இடத்தில் ஆலோசகர். அவர் வாசலில் ‘நாய் ஜாக்கிரதை’ என்ற பலகையைத் தவிர மற்ற எல்லாப் பலகையிலும் ஏதாவது ஒரு பதவி இருந்தது.

தனக்கும் ஒரு மரியாதை இருப்பதைக் காட்ட தாணுலிங்கம் பேரவையின் அழைப்பிதழ் ஒன்றைக் கொண்டுபோயிருந்தான். பொன்னுதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு கீழிருந்து மேல்வரை படித்தார்.

“இதுல தலைவர் பேரு இருக்கு, துணை ரெண்டு பேரு இருக்கு, மைக்செட் போட்டவன் பேரு இருக்கு. உங்க பேரு எங்கன இருக்கு?”

“கடைசில ‘அனைவரும் வருக’ன்னு போட்டிருக்குல்லா அண்ணாச்சி. அது நாந்தான்.”

பொன்னுதுரை கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. கடைவீதியில் பதவி இல்லாத ஆண்பிள்ளைகள் இரண்டே பேர்தான் என்று விளக்கினார். ஒருவன் சாமியாராகி வடக்கே போய்விட்டான்; இன்னொருவன் அவருடைய சொந்தத் தம்பி; இருவரோடும் அவருக்குப் பேச்சு இல்லை. பத்திரிகை அடித்தால் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் வெற்றுச் சாக்கு மாதிரி மடங்கிவிடும்.

“ஆவணிக்குள்ள ஒரு பதவியோட வாங்க. துணைன்னு இருந்தாலும் சரி, இணைன்னு இருந்தாலும் சரி. வெறும் உறுப்பினருக்குப் பொண்ணு குடுத்தேன்னு எங்கொடைக் கமிட்டியில நான் எப்படிப் போய் இருக்கது?”

அந்தச் சமயத்தில் பெண் காப்பி கொண்டுவந்தாள். சண்முகத்தாய். பி.எஸ்சி. பௌதிகம். அம்மா செல்லத்தாய் பக்கத்தில் இருக்க, இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளலாம் என்று பொன்னுதுரை அனுமதி கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். தாணுலிங்கத்துக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாய்க்கு வந்தது உப்பளம்தான். மழை பெய்த குட்டையில் அடித்தண்ணீர் சுடுவதைச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, காரியம் கெட்டது என்று நினைத்தான்.

“எங்க மாமா அளத்துல நானும் கை வச்சிருக்கேன்,” என்றாள் அவள். “சுட்டுது. வீட்டுல வந்து சொன்னேன். காய்ச்சல்னு நினைச்சுக் கசாயம் குடுத்திட்டாவ.”

“நல்ல கசாயம்தான்,” என்றாள் செல்லத்தாய்.

தாணுலிங்கம் படியிறங்கும்போது இந்தப் பெண்ணைத் தவிர வேறொருத்தியைக் கட்டுவதில்லை என்று முடிவுசெய்திருந்தான். நேரே கயிற்றுக் கடை மாடிக்குப் போய் ஒரு பதவி வேண்டும் என்று கேட்டான்.

பேரவை அதிர்ந்துபோயிற்று. அவசரச் செயற்குழு கூடியது. தாணுலிங்கத்தை அவனுடைய நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். தலைவர் கிருபாநிதி மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

“தம்பி, பதவி என்பது முள்முடி. நாங்கள் ஏழு பேர் பன்னிரண்டு வருஷமாக அதைச் சுமக்கிறோம். ஒருநாளாவது இறக்கி வைத்தோமா? அந்த வலியை உங்களைப் போன்ற இளைஞருக்குத் தர எங்களுக்கு மனசு வரவில்லை. நீங்களும் மேடைக்கு வந்துவிட்டால் நாங்கள் யாருக்குச் சேவை செய்வது? உங்கள் ஒருவருடைய கல்யாணத்துக்காகப் பௌதிகம் அநாதையாக வேண்டுமா?”

யாராவது ஒருவர் இறங்கி இடம் கொடுத்தால் அவர் உறுப்பினராக இருந்துகொள்ளலாமே என்று தாணுலிங்கம் மெல்லக் கேட்டான். இரண்டாம் துணைத் தலைவர் ஜன்னல் வழியே ஒரு கப்பல் திரும்புவதைக் கவனிக்கத் தொடங்கினார். பொருளாளர் இனிகோ மட்டும்தான் உண்மையைச் சொன்னார். அவர் தோணிக்காரக் குடும்பத்துப் பிள்ளை. வேறொரு கல்லூரியில் விரிவுரையாளர்.

“எனக்கு வீட்டுல பேச வாய்ப்பில்ல தம்பி. காலேஜ்ல பிரின்ஸ்பால் பேசுவாரு. இங்கன ஒரு எடத்துலதான் நான் மைக்கப் பிடிக்கேன். அதையும் கேட்டா நான் எங்க போவேன்?”

தாணுலிங்கத்துக்கே பாவமாகிவிட்டது.

பதவிக்குப் பதிலாக வேறு பலவற்றைத் தர முன்வந்தார்கள். முதுநிலை உறுப்பினர் என்று போட்டுக்கொள்ளலாம். தலைமை உறுப்பினர் என்று போட்டுக்கொள்ளலாம். நிரந்தர உறுப்பினர் என்று பதிப்பாசிரியர் ஆசையோடு சொன்னபோது தாணுலிங்கம் எழுந்து செருப்பைத் தேடினான். ஆடி பிறந்தும் ஒன்றும் நடக்கவில்லை. பெண்ணுக்கு நாசரேத் பக்கத்திலிருந்து வேறு இடம் வருவதாகவும், அந்த மாப்பிள்ளை கால்பந்துக் கழகத்துக்கு உதவிச் செயலாளர் என்றும் செல்லத்தாய் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினாள். தாணுலிங்கம் மாடிக்குப் போய் அதையும் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் உடைந்தது.

உறுப்பினர்களின் குரல் உடைந்தால் அது நலக்குழுவின் கீழ் வரும். உடனே திருமண உதவி உபகுழு ஒன்று அமைத்தார்கள். ஏழு பேரும் அதில் இருந்தார்கள். பெண் வீட்டுக்கே போய்ப் பேசுவது என்று முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேரவை இரண்டு குதிரை வண்டியில் போய் இறங்கியது. தாணுலிங்கம் பின்னால் சைக்கிளில் போனான். மைக்செட் தள்ளுவண்டியில் வந்தது. பொன்னுதுரை மைக்கைப் பார்த்ததும் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மைக் உள்ள இடத்தில் அவர் மரியாதைக்குக் குறைவு வைப்பதில்லை.

செயலாளர் சங்கரலிங்கம் வரவேற்றார். வீட்டுக்காரரை அவர் வீட்டிலேயே வரவேற்றது பொன்னுதுரைக்குப் பிடித்திருந்தது. இனிகோ மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றிப் பேச எழுந்து, முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தன் தாத்தாவுக்கு எத்தனை தோணி இருந்தது என்பதோடு முடித்துக்கொண்டார். கடைசியாகத் தலைவர் எழுந்தார்.

“பெருமதிப்புக்குரிய பொன்னுதுரை அவர்களே. தாணுலிங்கத்துக்குப் பதவி இல்லை என்று குறைப்பட்டீர்களாம். எங்களைப் பாருங்கள். நாங்கள் ஏழு பேரும் பதவியில் இருக்கிறோம். யாரால்? பொதுக்குழுவால். ஐப்பசிதோறும் பொதுக்குழு கூடி, கை தூக்கினால்தான் நாங்கள் இந்த நாற்காலியில் உட்காரலாம். போன தடவை அது தூக்காமல் விட்டிருந்தால் நான் இன்றைக்கு வெறும் கிருபாநிதி. பொதுக்குழு இல்லாத ஒன்றரை வருஷம் நாங்கள் பட்ட அவமானம் எங்களுக்குத்தான் தெரியும். கடையில் போய் ‘தலைவர்’ என்று சொல்லிக்கொள்ள எனக்கே நாக்கு கூசியது.”

பொன்னுதுரை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். வியாபாரிகள் சங்கத்தில் அவர் ஒன்பது தேர்தல் கண்டவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் காதுகுத்துக்கும் கிழவிகள் செத்த துட்டிக்கும் தவறாமல் தலைகாட்டி, இரண்டு தடவை தோற்றுமிருக்கிறார்.

“அப்பம் உங்களுக்குள்ள எலெக்சன் உண்டா?”

“உண்டு,” என்றார் தலைவர்.

“ஓட்டு ஆரு போடுதா?”

“பொதுக்குழு.”

“பதவில இருக்கவாளுக்கு ஓட்டு?”

“கிடையாது. நேர்மைக்காக நாங்களே அப்படி வைத்துக்கொண்டோம்.”

“சரி. இந்தப் பொதுக்குழுவுல எத்தன ஆளு?”

தலைவர் தொண்டையைக் கனைத்தார். செயலாளர் இனிகோவைப் பார்த்தார். அப்புறம் ஏழு பேரும் மெதுவாகத் திரும்பி, வாசல் ஓரத்தில் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தாணுலிங்கத்தைப் பார்த்தார்கள்.

தாணுலிங்கம் பழக்கதோஷத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தான். தெரு இருந்தது.

பொன்னுதுரை எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு தானாகவே இடுப்புக்கு வந்தது. கொடைக் கமிட்டியில் தாசில்தாருக்குக்கூட அவர் அதைச் செய்ததில்லை.

“ஏளா, செல்லத்தாயி. மாப்ளைக்கு நாற்காலி போடு. காப்பியில சீனி கூடப் போடு.” தலைவர் பக்கம் திரும்பி, “நீங்கள்லாம் தண்ணி கிண்ணி குடிக்கியளா?” என்று கேட்டார்.

இத்தனை நாளாக இதை ஏன் சொல்லவில்லை என்று அவர் தாணுலிங்கத்தைக் கடிந்துகொண்டார். தனக்கே தெரியாது என்றான் அவன். அதையும் அவர் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ‘பொதுக்குழு’ என்று ஒரே வார்த்தை கனத்த எழுத்தில் இருந்தது. ஏழு பேரும் வாழ்த்துரை வழங்கியதில் பந்தியில் சாம்பார் ஆறிவிட்டது என்பதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம் சண்முகத்தாய் மாடிப்படி ஏறிப் பேரவையில் சேர்ந்தாள். பேரவைக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஆண்டில் உறுப்பினர் தொகை இரண்டு மடங்கு. உலகத்தில் வேறெந்தப் பௌதிகச் சங்கம் இந்த வேகத்தில் வளர்ந்திருக்கிறது என்று தலைவர் கேட்டார். கீழே இன்னொரு நாற்காலி போட்டார்கள். பிள்ளைப் பருவத்திலிருந்தே மேடையைப் பார்த்துப் பழகியவள் ஆகையால் அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஐப்பசி முதல் மழை பெய்து, நாலு நாள் வெயிலடித்தது. ஐந்தாம் நாள் பொதுக்குழு. தலைவர் பதவிக்குக் கிருபாநிதியின் பெயரைச் செயலாளர் முன்மொழிந்தார். தாணுலிங்கத்தின் கை பாதி எழுந்தது. சண்முகத்தாய் அதைப் பிடித்து அவன் மடியில் வைத்தாள்.

“ஒரு சந்தேகம் இருக்கு,” என்றாள்.

சந்தேகங்கள் தேசிய கீதத்துக்கு அப்புறம் என்றார் செயலாளர்.

“அப்பம் கையும் தேசிய கீதத்துக்கு அப்புறம்தான். மழ பெஞ்ச அளத்துல அடித்தண்ணி சுடுது. மேத்தண்ணி சுடல. ஏன்? அதச் சொல்லுங்க, தூக்குதோம்.”

பன்னிரண்டு வருஷத்தில் பேரவையில் பௌதிகம் பற்றி எழுந்த முதல் கேள்வி அது. ஆய்வுக்குழு அமைக்கலாம் என்றார் ஒருவர். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அப்படியெல்லாம் இருக்க வழியில்லை, சுடுதண்ணீர் மேலேதான் வரும் என்றார் முதல் துணைத் தலைவர். அளம் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான் என்றாள் அவள்.

உச்சி சாய்ந்த வேளையில் சண்முகத்தாயின் மாமா அளத்துக் குட்டைக் கரையில் பேரவை வரிசையாகக் குந்தியிருந்தது. மேடை இல்லாததால் யார் முதலில் கைவிடுவது என்று தெரியவில்லை. கடைசியில் தலைவரே சட்டைக் கையைச் சுருட்டி, தோள்வரை விட்டார். அவர் முகம் மாறியது. வெண்கலக் குரல் எங்கேயோ போய்விட்டது.

“சுடுது,” என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி விட்டார். “ஏலே சங்கரலிங்கம், நெசமாவே சுடுதுலே.”

செயலாளருக்குப் பழக்கம் விடவில்லை. அடித்தண்ணீர் சுடுகிறது என்று ஒருமனதாகத் தீர்மானித்ததாக எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“இருங்க வே,” என்றார் இனிகோ, வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு. “நான் இன்னும் கை வைக்கல.”

அப்புறம் ஏழு கையும் தண்ணீருக்குள் இருந்தன. மழைத்தண்ணீர் லேசு, அது மேலே போர்வை மாதிரி கிடக்கிறது என்றார் ஒருவர். உப்புத்தண்ணீர் கனம், சுட்டாலும் அதனால் எழும்ப முடியவில்லை என்றார் இன்னொருவர். இல்லவே இல்லை என்றார் மூன்றாமவர். யாரும் யாரையும் ‘அவர்களே’ என்று கூப்பிடவில்லை. தாணுலிங்கமும் சண்முகத்தாயும் வரப்பில் உட்கார்ந்து பொட்டலக் கடலையைக் கொறித்துக்கொண்டு கேட்டார்கள். இருட்டத் தொடங்கியபோதுதான் தலைவருக்குத் தேர்தல் நினைவுக்கு வந்தது. ஈரக் கையோடு வரப்புக்கு வந்து நின்றார்.

“கண்டுபிடிச்சிட்டோம்லா. இப்பம் கை தூக்கலாமா?”

சண்முகத்தாய் யோசித்தாள். “சுடுதுங்கதுல ஏழு பேருக்கும் சம்மதம். ஏன் சுடுதுங்கதுலதான் மூணு கட்சியா நிக்கிய,” என்று சொல்லிவிட்டு, கையை முழங்கை மட்டுக்கும் உயர்த்தி அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

தாணுலிங்கம் அவளைப் பார்த்தான். அவனும் அதே அளவுக்கு உயர்த்தினான்.

அரைக் கை இரண்டு சேர்ந்தால் ஒரு கையா என்பதைப் பற்றிப் பேரவை இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. அது தீரும்வரை வாராவாரம் அளத்தில் கூடுவது என்று மட்டும் முடிவாகியிருக்கிறது. மைக்செட் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னவர் இனிகோதான்.